கார் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வித்துராவைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து கேட் முன்னால் நின்றுகொண்டு நான் ஓர் உண்மையைச் சொன்னேன். காரியத்தைக் கெடுக்கலாம் என்றுதான் சொன்னேன். அது காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பயங்கள் பழக்கம். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். கிணற்றடிக்குப் போனால் மூன்று வயது மகளின் கையை விடாமல் ஒற்றைக் கையால் துணி அலசுகிறவள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் என்ன செய்கிறார் தெரியுமா? பாறை ஏறுகிறார்!

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஒரு கிளப். நைலான் கயிறு, இரும்பு ஆணிகள், ஒரு சுத்தியல், நண்பர் ராஜனின் பழைய அம்பாசடர் கார் — இவ்வளவுதான் சொத்து. பொன்முடி போகிற வழியில், ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மொட்டையாக ஒரு பாறை நிற்கிறது. அதன்மேல்தான் கண்.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

"ரொம்ப இல்லை."

"நம்ம மாடியைப் போல எத்தனை மடங்கு?"

பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாறை புறம்போக்கு. யாரும் ஏறலாம். ஆனால் பாறைக்குப் போகிற ஒரே வழி தங்கபாய் அம்மா என்பவரின் ரப்பர் தோட்டத்துக்குள். முதல் தடவை ஒரு லீவு நாளில், யாரையும் கேட்காமல், காரை அவர் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வேலி தாண்டியிருக்கிறார்கள் இந்தப் படித்த மனிதர்கள். காலையில் வெட்டி எடுத்த ரப்பர் பாலை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டிய கைவண்டி வெளியே வர முடியவில்லை. பால் பாத்திரத்திலேயே உறைந்துபோனது. மறுநாள் கேட்டில் சங்கிலியும் பூட்டும் ஏறியது.

இரண்டு முறை போய் மன்றாடிவிட்டு வந்தார்கள். இரண்டு முறையும் "முடியாது".

"இந்தத் தடவை நீயும் வாயேன்" என்றார் என் கணவர். "அந்தம்மா நாகர்கோவில் பக்கம். தமிழ்ல ஒரு லேடி பேசினா மனசு இளகும்."

நான் எதை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறேனோ, அதற்கு நானே போய் அனுமதி வாங்க வேண்டும்! வரமாட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால் நல்ல மனைவியா? போனால் நல்ல அம்மாவா? கடைசியில் போனேன். போகும்முன், அந்தம்மாள் மறுபடியும் "முடியாது" என்று சொன்னால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் ரகசியமாக நேர்ந்துகொண்டேன்.

தங்கபாய் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அன்று சர்ச்சிலிருந்து வந்த வெள்ளைப் புடவையை மாற்றாமல், கேட்டைத் திறக்காமல், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். பக்கத்தில் ஒரு செவலை நாய்.

ராஜன் மலையாளத்தில் ஆரம்பித்தார். "சேச்சி, ஒரு பிரச்னமும் உண்டாவில்ல. ஒண்ணும் பேடிக்கண்டா."

"ஒண்ணும் வராதுன்னா அந்தக் கயிறு என்னத்துக்கு?"

ராஜன் என் கணவரைப் பார்த்தார். "அது... பாதுகாப்புக்கும்மா" என்றார் இவர்.

"அப்பம் ஏதோ வரும்!"

அவர் கண் ராஜனின் காருக்குப் போனது.

"வண்டிய எங்க போடுவிய? மறுபடியும் எனக்க கேட்டிலயா?"

"இல்லம்மா, ரோட்டோரமா..."

"பஸ்ஸு எது வழியா போவும்? உங்க தலைமேலயா?" நாய்கூட எங்களை ஏளனமாகப் பார்த்த மாதிரி இருந்தது. "எவனாவது மேலருந்து விழுந்தா போலீஸு பாறைட்ட போய் விசாரிக்குமா? எனக்க வாசல்லதான் வந்து நிக்கும். நான் ஒத்தப் பொம்பள."

பிறகு என்னையும் என் இடுப்பில் இருந்த மகளையும் பார்த்தார்.

"நீ யாருக்க பெஞ்சாதி, மக்களே?"

அவர் ஊரில் 'மக்களே' என்றால் 'மகளே'. நான் இவரைக் காட்டினேன்.

"உனக்குப் பேடி இல்லியா?"

பேடி என்றால் பயம். இவர் என்னைப் பார்த்த பார்வையில் 'இல்லை என்று சொல்' என்று எழுதியிருந்தது. எனக்கோ தேங்காய் ஞாபகம் வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"இருக்கும்மா. ரொம்ப இருக்கு. இவர் ஏறப் போற நாள்ல எனக்குச் சோறு இறங்காது. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

ராஜன் வானத்தைப் பார்த்தார். இவர் தம் ஷூவைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. நாலு பேர் முன்னால் கணவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா? பெண்டாட்டி இப்படிச் செய்வாளா?

சங்கிலி அவிழ்கிற சத்தம் கேட்டது.

"இப்பந்தான் ஒரு ஆளு நேரா பேசுது" என்றார் தங்கபாய் அம்மா. "இவனுவ மூணு வட்டம் வந்து, ஒண்ணும் வராது ஒண்ணும் வராதுன்னு பாட்டு படிச்சானுவ. அப்படிச் சொல்லுதவன நான் எப்படி நம்புறது? பேடி உள்ள ஒருத்தி கூட வந்தா நம்பலாம். மக்களே, நீ வந்தா கேட்டு திறக்கும். நீ வரலன்னா பூட்டுதான், கேட்டியா?"

கேட்டேன். தேங்காய் மிச்சம்!

அவர் நிறுத்தவில்லை. "வண்டி உள்ள, இந்த முற்றத்தில. ஆனா ரோட்டப் பாத்து நிக்கணும். சாவி அந்த வாசல் தூண் ஆணியில. ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தன் ஏறாம கீழ இருக்கணும். ஆசுபத்திரிக்குக் கொண்டோடுற நேரத்தில வண்டிய முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிக்கிட்டு இருக்க முடியுமா?"

எத்தனையோ ராத்திரி எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறேன். கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதுவரை என் பயம் போனதே இல்லை. அந்த ஆண்களோ, அதன் பக்கத்தில்கூடப் போனவர்கள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த முற்றத்தில் உட்கார்ந்தேன். கார் ரோட்டைப் பார்த்து. சாவி ஆணியில். ராஜன் கீழே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மகள் ஒரு கிண்ணம் மரச்சீனிக் கிழங்கோடு நாய்க்குப் பக்கத்தில்.

அங்கிருந்து பாறை தெரியாது, மரங்கள் மறைக்கும். சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கும். டக்... டக்... டக். அது கேட்கிறவரை ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

சத்தம் நின்றது.

பிறகு என்னவோ உருண்டது. கிளைகளை முறித்துக்கொண்டு, கனமாக. கடைசியில் தொப்பென்று ஒரு சத்தம். நாய் குரைத்தது. ராஜன் எழுந்து நின்றார். நான் எழ நினைத்தேன். என் மணிக்கட்டை யாரோ நெரிப்பது போலிருந்தது. தங்கபாய் அம்மாவின் கை. "கர்த்தாவே..." என்று முணுமுணுத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் — ஆணியில் தொங்கிய சாவியை.

"கூ...ஊ!"

இவர் குரல். மகள் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே பதில் கூவினாள்.

தங்கபாய் அம்மா என் கையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் பாதி தூரம் ஓடி நின்று கத்தினார். "கல்லு விழுந்தா கல்லுன்னு சொல்லணும்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? இங்க ரெண்டு பொம்பளைய உசிரக் கையில பிடிச்சிட்டு இருக்கோம்!"

அன்றிலிருந்து பாறையில் எது உருண்டாலும் மேலிருந்து "கல்லு!" என்று ஒரு குரல் வந்துவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் இவர் என் முகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார். "தலைவலி ஒண்ணும் இல்லையே? வெயில்ல அலையாதே. கஷாயம் வேணுமா?" ஒரு தும்மல் போதும். கேட் பூட்டு. கயிறு பரண்மேல்.

போட்டுவிடலாமே ஒரு தும்மல் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்தக் கேட் பூட்டியிருந்தால் இவர்கள் வேறு பாறைக்குப் போவார்கள். அங்கே சாவிக்கு ஓர் ஆணி இருக்காது. காரை ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்ல ஒருத்தி இருக்கமாட்டாள்.

சனிக்கிழமைகளில் நிஜமாகவே தும்மல் வந்தால்கூட, மூக்கைப் பிடித்து அடக்கிக்கொள்கிறேன்.