மீன்கொத்திக்குப் பின்னால் என் முதுகு

எங்கள் டவுனில் கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையை யாரும் ஓடை என்று சொல்வதில்லை. மலாயில் லோங்காங், அதாவது சாக்கடை, அவ்வளவுதான். அதை சிமெண்டு போட்டு மூடினால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்ற பேச்சு அடிபட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஓடையில் மீன்கொத்தி உட்காருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறவள் நான். சும்மா விடுவேனா?

ஞாயிறு காலையில் கேமராவோடு ஓடையோரம் நடக்கும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டேன். நல்ல படங்களாக எடுத்து, ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் காட்டுவதாக ஏற்பாடு. மீன்கொத்தியை நான்தான் எடுப்பேன் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன்.

பாலம் தாண்டி, வளைவில் இருந்த அரசமரத்தடியில் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கரையில் பாதியும் தண்ணீரில் பாதியுமாகச் சாமி படங்கள். ஊறிப்போன காலண்டர்கள், கண்ணாடி உடைந்த பிரேம்கள். சாமி படத்தைக் குப்பைத்தொட்டியில் போட நம்மவர்களுக்கு மனசு வராது, தண்ணீரில் விட்டுவிட்டால் நிம்மதி. குழுவில் இருந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் மரியாதையாகக் கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஷூவைக் கழற்றினேன். கண்ணாடி கிடக்கிறது என்று தெரியும். ஆனால் ஷூ காலோடு சாமியைத் தொட முடியுமா?

"ஆன்ட்டி, வேணாம் லா! கால்ல குத்திரும்," என்றாள் பேங்கில் வேலை பார்க்கும் பெண். என்னைத் தவிர அந்தக் குழுவில் தமிழ் அவள் ஒருத்திதான். "சாமி படம் வேற. தொட்டா ஏதாச்சும் ஆயிரப் போவுது."

"இங்க கெடக்கறத விடவா? நீ பையைப் பிடி, கோயில்ல கொண்டு போய்க் கொடுத்துருவோம்."

முழங்கால் வரை சேறு. ஒரு கக்கத்தில் முருகன், இன்னொன்றில் லட்சுமி. அப்போது பார்த்துத்தான் அந்த மீன்கொத்தி வந்து எனக்கும் கரையில் நின்றவர்களுக்கும் நடுவே ஒரு குச்சியில் உட்கார்ந்தது. எல்லோருடைய கேமராவும் படபடவென்று அடித்தது. என்னுடையது கழுத்தில் தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடை முடிந்து ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்தபோது, குழுவை நடத்தும் மலாய்க்காரர் தான் எடுத்த படத்தைக் காட்டினார். பறவை அத்தனை தெளிவு, நீலம் கண்ணைப் பறித்தது. அதற்குப் பின்னால் குனிந்த என் முதுகு, சேற்றுக் கால், கக்கத்தில் முருகன்.

"அக்கா, பின்னால இருக்கறத வெட்டிரலாம். பறவை மட்டும் போதும்," என்றார் மலாயில்.

வெட்டினால் அழகான படம்தான். ஓடையில் மீன்கொத்தி இருப்பது ஊருக்குத் தெரியும். அங்கே வேறு என்ன கிடந்தது என்று தெரியாது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள், அந்தக் காலண்டர்களுக்குச் சொந்தக்காரர்கள்.

"வெட்டாதீங்க," என்றேன். "முழுசா, பெருசா போடுங்க. முன் வரிசையில நான் உக்காந்திருப்பேன்."