சங்கத்தை விட்டுப் போன தலைவரைத் தேடி ஹல்துமுல்லைக்கு

பதுளையில் இருக்கும் எங்கள் மருத்துவர் சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்கு, சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தலைவர்களில் ஒருவர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகியிருந்தார். ஏன் என்று கேட்டால் எல்லோரும் "சொந்தக் காரணம்" என்றார்கள். அவர் ஹல்துமுல்லையில் இருக்கிறார் என்று தெரிந்ததும், நேரே கேட்டுவிடுவதென்று கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காலை 6.30க்குக் கொழும்பு பஸ். சுமார் 55 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். ஹப்புத்தளை தாண்டியதும் வீதி வளைந்து வளைந்து இறங்கும். வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் முன் இருக்கை பிடியுங்கள். (நான் பிடிக்கவில்லை. அனுபவித்தேன்.) ஹல்துமுல்லையிலிருந்து அவர் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டோ 600 ரூபாய்.

"டொக்டரையாவப் பாக்கவா? ஏறுங்க மிஸ்," என்றார் ஓட்டோக்காரர். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து டொக்டரானவருங்க. ஞாயித்துக்கெழம வீட்டுல இருக்க மாட்டாரு. டிஸ்பென்சரில பாடம் நடக்கும்."

அங்கேதான் இருந்தார். வாங்குகளில் சுற்றுவட்டத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்களும் மருத்துவிச்சிகளும் உட்கார்ந்திருந்தார்கள். குளவி கொட்டி மூச்சுத் திணறுபவருக்கு உடனே என்ன செய்ய வேண்டும் என்று ஊசியைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முடியும்வரை காத்திருந்தேன்.

"சேர், ஏன் சங்கத்தை விட்டு விலகினனீங்கள்?"

அவர் சுற்றிவளைக்கவில்லை. "இந்தத் தோட்டத்துல ஒரு பொண்ணு, கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிச் செத்துப்போச்சு. மருந்து அலமாரியில இருந்துச்சு. போடலாமான்னு யாருக்கும் தெரியல. பதுளைக்குப் போன் போட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. சங்கத்துப் பாடங்களுக்கு இவங்களையும் கூப்பிடணும்னேன். டொக்டர்மாருக்கு மட்டுந்தான்னு ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

"இதை எழுதலாமோ?"

"எழுதுங்க. ஆனா எழுதுறதோட விட்டுறாதீங்க. நான் கேட்டத மறுபடி கேளுங்க."

எழுதினேன். இப்போதைய தலைவர் அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொன்னார். அப்படியானால் வரலாற்றை வேறு யாராவது எழுதட்டும் என்றேன். பந்தி அப்படியே மலரில் வந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தக் கோரிக்கையை நானே முன்வைத்தேன். அன்று எதிர்த்த மூத்தவர் ஒருவர் இம்முறையும் எதிர்த்தார். ஆனாலும் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அன்று மாலையே டொக்டரையாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி, மொதப் பாடம் யாரு எடுக்கிறா?" என்றார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பிற்பகலில் பனி இறங்கிவிடும், காலையிலேயே போங்கள். குளவிக்கூடு எங்கே என்று கேட்காமல் தேயிலைக்குள் கால் வைக்காதீர்கள். வாசனை பூசிக்கொண்டு போகவே வேண்டாம், குளவியை இழுக்கும்.

ஊவா மாகாணத்தில் வேலை செய்யும் மருத்துவர்கள் இதை வாசித்தால்: சங்கத்தின் பாடம் இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பது மணி, அதே டிஸ்பென்சரி. அடுத்த பாடம் எடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாரும் வராவிட்டாலும் பாடம் நடக்கும், நான் போகிறேன்.