சாக்கெட்டுக்குள் இரண்டு தீக்குச்சிகள்

"செவ்வாய் காலை: கிரைண்டர் சாக்கெட்டில் புகை. மனைவிக்கு விரல் சுட்டது." தீபாவளிக்கு அடுத்த வாரம் என் பழுதுக் குறிப்பேட்டில் எழுதியது இது. மெயினை அணைத்துவிட்டு மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வாசலில் நின்று ஒவ்வொருவர் சட்டைப்பையையும் தடவிப் பார்ப்பவர். தீக்குச்சி மட்டுமல்ல, செல்போன்கூட அவரைத் தாண்டி உள்ளே போகாது. மருந்து அறைக்கு முன்னால், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட மறந்தவருக்கு அன்று வேலை கிடையாது.

வந்தவர் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே வயரைப் பிடிக்கும் திருகு வழுக்கிப்போயிருந்தது. வயர் நழுவாமலிருக்க யாரோ இரண்டு தீக்குச்சிகளைச் செருகியிருந்தார்கள். ஒன்று கருகியிருந்தது, மற்றதில் மருந்து அப்படியே இருந்தது.

"எந்தக் கோட்டிக்காரப் பய பாத்த வேலை இது? வீட்டையே கொளுத்தியிருப்பானே!" என்றார் மச்சான்.

நான் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி வாசித்தேன்: "பொங்கலுக்கு மறுநாள்: மச்சான் வந்து சாக்கெட்டைச் சரிசெய்தார்."

"அவசரத்துக்கு வச்சது, மாப்ளே. இதையுமா எழுதி வைக்கிறீக?"

மனைவி விடவில்லை. "அண்ணே, ஒங்க வீட்டுல எம்புட்டு சாக்கெட்டுல குச்சி இருக்கு? மதினியும் அதுலதான கைய வைக்கிறாக?"

மச்சான் புது சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போனார். மாலையில் போன் வந்தது. தன் வீட்டில் எல்லாவற்றையும் திறந்து பார்த்ததாகவும் ஒன்றிலும் குச்சி இல்லை என்றும் சொன்னார். இதை நான் நேரில் பார்த்து இன்னும் உறுதிசெய்யவில்லை.