துரும்பைக் காட்டிக்கொடுத்த கண்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் பஸ் கொண்டக்டர். "அப்பு, நித்திரையிலை விழப்போறியள், இருங்கோ" என்றார். கிழவரைத்தான் அப்பு என்பார்கள்; எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. என் ஊர் கரம்பொன்னுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். மேலிமை இரண்டும் தொங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் அதை இமைத்தொய்வு (வயதோடு இமைத்தோல் தளர்ந்து தொங்குவது) என்றார். "பார்வைக்கு ஒரு குறையுமில்லை. வடிவுக்கெண்டால் ஒப்பரேசன் செய்யலாம்."

"வடிவுக்குத்தான்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"சண்டைக்குள்ளை சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுது. உங்களுக்கு இமை வெட்டோணுமோ?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனாலும் போனேன்.

விறைப்பு ஊசி (அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வது) போட்டு, மிஞ்சிய தோலை வெட்டித் தைத்தார்கள். இதற்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நோவு பெரிதில்லை. வீக்கம் வற்றும்வரை மட்டும் கண்ணாடி பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், ஒரு தவளை என்னைப் பார்த்தது.

வைத்தியர் சொல்லாத பக்கவிளைவு (சிகிச்சையோடு கூட வரும் தொல்லை) ஊர் வாசிகசாலையில் காத்திருந்தது. பின்னேரங்களில் அங்கே நாலு பேர் முன்னூற்றுநாலு (சோடி சேர்ந்து ஆடும் சீட்டாட்டம்) ஆடுவோம். மனைவியின் தமையன், என் மச்சான், எனக்குச் சோடி. எங்களை வெல்ல ஆளில்லை. அது என் கெட்டித்தனம் என்றே நம்பியிருந்தேன்.

புது முகத்தோடு போய்த் துரும்பை (ஆட்டத்தை ஆளும் இரகசியச் சீட்டு) கவிழ்த்து வைத்தேன். எதிராளிகள் தங்கள் சீட்டைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார்கள். நல்ல சீட்டு வந்தால் அது விரிந்ததாம், கெட்டது வந்தால் சுருங்கியதாம். ஒரு கிழமை முழுக்கத் தோற்றோம்.

மச்சான் சீட்டை எறிந்தார். "இவ்வளவு நாளும் விளையாடினது நீரில்லை, உம்மடை தொங்கல் இமை. இனி உம்மோடை ஏலாது."

அடுத்த நாள் அவர் வேறு சோடி பிடித்தார். நான் சுவரோரத்து வாங்கில் (நீள இருக்கை) குந்திப் பேப்பரை விரித்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. அவரோடு ஆடாத பின்னேரம் எனக்குத் தாங்கவில்லை. எங்களுக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று மச்சான் புதுச் சோடியைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டார். "உந்தக் கண் பார்த்துக்கொண்டிருக்க விளையாட ஏலாது. வாரும், தோப்பம்."

தோற்றோம். என் சந்தோசத்தையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பத்து வயது குறைய வேண்டும் என்று போனவன் நான். அதைவிடக் கூடவே குறைந்துவிட்டது. ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத சின்னப்பிள்ளையின் கண் இப்போது எனக்கு. துரும்பு வைக்கும்போதெல்லாம் மச்சான், "கண்ணை மூடும்" என்கிறார்.

காசு கொடுத்துத் திறந்த கண்ணை மூடுகிறேன்.