கூடைக்குச் சுங்கம், காருக்கு வணக்கம்

இன்று சிதம்பரம் மேல வீதியில் நண்பனின் காரில் உட்கார்ந்திருந்தேன். பாதித் தெருவை அடைத்து நிறுத்தியிருந்தோம். பின்னால் டவுன் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஹாரன் அடித்தது.

"சிங்கப்பூர்ல நெரிசலான ரோட்டுல கார் நொழைஞ்சாலே காசு மச்சான். இங்கயும் போட்டாதான் புகை கொறையும்," என்றான். நானும் தலையாட்டினேன்.

அப்போது தெருவோரக் கடைகளுக்குச் சுங்கம் வசூலிப்பவர் வந்தார். ஓரத்தில் கீரை விற்ற அம்மாவிடம் காசு வாங்கிச் சீட்டுக் கிழித்தார்.

"கூடையத் தள்ளி வையிம்மா, ட்ராபிக் ஆவுது."

"என் கூடையாலயா ஆவுது? அந்தக் கார எடுக்கச் சொல்லுய்யா."

"அவுங்க இப்பக் கௌம்பிடுவாங்க," என்றவர் எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

நண்பனும் பதில் வணக்கம் வைத்தான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

நெரிசலுக்குக் கட்டணம் இங்கேயும் தினமும் வசூலாகிறது. கட்டுவது கீரைக்காரம்மா.

உங்கள் ஊரில் யார்?