குளிரில் வெடிக்காத துவக்கு

“துவக்குத் திருத்தவோ கொப்பர் இவ்வளவு பாடுபட்டு உன்னைப் படிப்பிச்சவர்?”

நான்கு வருடங்களுக்கு முன், அட்லிஸ்வில் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா இடம்பெயர்ந்த வருடத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகம் போகாமல், நாங்கள் வாழும் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில், வேட்டைத் துப்பாக்கிகள், எங்கள் பேச்சில் துவக்குகள், திருத்தும் ஒரு பட்டறையில் நான்கு வருடத் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தது பலருக்குப் புரியவில்லை. பள்ளியிலிருந்து ஒரு வாரம் வேலை பழக அனுப்பியபோது அங்கே போனேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கும் அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்பா அன்று ஒரு தட்டை என் கையில் தந்து பேச்சை மாற்றினார். தான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் யாராவது கேட்டாலும், “மகள் மெக்கானிக்” என்று சொல்லி முடித்துவிடுவார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவர். அவரிடம் நான் என்ன நியாயம் கேட்க முடியும்?

நான் சொல்ல வந்தது போன செப்டம்பரில் நடந்தது. கடைசி வருடப் பயிற்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. பயிற்சி முடிந்ததும் என்னை வேலைக்கு வைத்திருப்பாரா என்பதை முதலாளி இன்னும் சொல்லவில்லை. எங்கள் மலைப் பகுதியில் செப்டம்பர் என்றால் வேட்டைக் காலம். விவசாயியும் தச்சனும் பள்ளிக்கூட ஆசிரியரும் லீவு போட்டுவிட்டு மலையேறிவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அறுபது வயது மதிக்கத்தக்க மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய தகப்பனின் பழைய துவக்கு அவர் கையில் இருந்தது. அந்த வசந்த காலத்தில் அதைக் கழற்றித் துரு நீக்கி, உள்ளே இருந்த களைத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தவள் நான்.

“மூண்டு விடிய, மூண்டு தரம்! மான் முன்னுக்கு நிக்குது, நான் விசையை இழுக்கிறன், ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான்!” என்று முதலாளியிடம் கத்தினார். அவர்கள் பேசிய மலைநாட்டு மொழியை எங்கள் வீட்டுத் தமிழில் சொல்கிறேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அந்தப் பெட்டை என்ன செய்தவள் எண்டு கேள். என்ர அப்பாட காலத்திலை ஒருக்காலும் இப்பிடி நடக்கேல்லை.”

முதலாளி அதிகம் பேசாதவர். “நாலு மணிக்கு வாங்கோ” என்று அவரை அனுப்பிவிட்டு, துவக்கை என் மேசையில் வைத்தார். “நீ செய்த வேலை. நீயே பார்.”

என் பழைய வேலைத்தாளைத் தேடி எடுத்தேன். ஸ்பிரிங்கைத் தவறான நீளத்தில் போட்டுவிட்டேனோ?

இந்த வகைத் துவக்கில் ‘போல்ட்’ என்று கைப்பிடி வைத்த ஓர் இரும்பு உருளை இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுவது அதுதான். அதன் வயிற்றுக்குள் ஓர் ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும். விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் உள்ள கேப் என்னும் சிறு வெடிமூடியில் அடிக்கும், கேப் வெடிக்கும். வெடிமருந்தும் குண்டும் இல்லாமல் கேப் மட்டும் போட்ட ஐந்து வெற்றுத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு, முதலாளியோடு கீழே சுட்டுப் பார்க்கும் அறைக்குப் போனேன். ஐந்தும் வெடித்தன.

“வெடிக்குதே,” என்றார் முதலாளி. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பட்டறையில் வெடித்து மலையில் வெடிக்காத துவக்குதான் ஆகப் பெரிய தலையிடி.

மேலே வந்து போல்டின் பின்பக்கத்தைக் கழற்றி ஊசியை வெளியே இழுத்தேன். ஊசியும் ஸ்பிரிங்கும் மஞ்சள் நிறக் கொழுப்பில் குளித்திருந்தன.

“இவ்வளவு கிரீஸ் போட்டனியோ?” என்றார் முதலாளி.

“இல்லை. இரண்டு சொட்டு எண்ணெய்தான். வேலைத்தாளிலை எழுதியிருக்கு.”

“தாளிலை எதையும் எழுதலாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்தக் கொழுப்பை விரலில் எடுத்தேன். முப்பது வருடம் கரைப்பான்களை முகர்ந்து முதலாளிக்கு மணம் என்பதே போய்விட்டது. எனக்குப் போகவில்லை. முகர்ந்ததும் அம்மாவின் கைகள் ஞாபகம் வந்தன. அம்மாவுக்கு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. குளிர்காலத்தில் அவருடைய விரல்கள் வெடித்துப் பிளந்துவிடும். வேலையால் வந்ததும் சோபாவில் உட்கார்ந்து, பசு மாட்டின் மடிக்குப் பூசும் மெல்க்ஃபெட் களிம்பைத்தான் தேய்ப்பார். இந்த நாட்டில் கை காய்ந்தவர்கள் எல்லோரிடமும் அந்த டப்பா இருக்கும். எங்கள் வீட்டு ரிமோட்டும் கதவுப் பிடியும் அந்த மணம்தான். எனக்கு எப்படித் தெரியாமல் போகும்!

“இது எங்கட கிரீஸ் இல்லை. மாட்டு மடிக்குப் பூசுறது,” என்றேன்.

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “சரி, காட்டு.”

ஊசியைத் துடைக்காமல் அப்படியே பூட்டினேன். பின்னறையில், வேட்டைக்காரர் கொடுக்கும் மான் இறைச்சியைப் போட்டுவைக்கும் பெரிய உறைபெட்டி இருந்தது. போல்டை ஒரு பையில் சுற்றி இறைச்சிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்துக்கொண்டு கீழே ஓடினோம். இழுத்தேன். ‘டிக்.’ இரண்டாவது, ‘டிக்.’ ஐந்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கேப்புகளில் ஊசி மெல்லத் தொட்ட தடம் மட்டும் இருந்தது. இறுகிப்போன கொழுப்பு ஊசியைப் பாய விடாமல் பிடித்துக்கொண்டது.

“உன்ர பெட்டி அவரின்ர மலையை விடக் குளிர்,” என்றார் முதலாளி. “இது சாட்சி இல்லை.”

அதற்கு மறுமொழி என்னிடம் தயாராக இருந்தது. போல்டை முழுதாகக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டு மறுபடி பூட்டினேன். அதே பெட்டி, அதே ஒரு மணித்தியாலம். இந்த முறை ஐந்தும் வெடித்தன. காதுமூடியைக் கழற்றிய முதலாளி, மேலே போய் எனக்கும் சேர்த்துக் கோப்பி போட்டார். மூன்று வருடங்களில் அவர் எனக்குப் போட்டுத் தந்த முதல் கோப்பி அது.

நாலு மணிக்குப் பண்ணைக்காரர் வந்தார். “நீங்கள் போல்டைக் கழற்றினீங்களோ?” என்று கேட்டேன்.

“ஒருக்காலும் இல்லை!”

“மெல்க்ஃபெட் பூசினீங்களோ?”

அவர் உடனே சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். “பின்னை? கழற்றேல்லை. அடுப்பிலை இதை உருக்கி, போல்டை அப்பிடியே முக்கி எடுத்தனான். அரிவாள், கதவுப் பிணைச்சல், சப்பாத்து, எல்லாத்துக்கும் நான் இதுதான். நீதானே சொன்னனி, துருப்பிடிக்க விடாதையுங்கோ எண்டு!”

அந்த இடத்தில் என் பெருமை முழுவதும் ஒரு கணம் இறங்கிப்போனது. ஓம், நான்தான் சொன்னேன். வசந்த காலத்தில் துவக்கைக் கையில் கொடுத்தபோது அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன். எதைப் பூச வேண்டும், எதைப் பூசக் கூடாது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மனிதர் என் பேச்சை அலட்சியம் செய்யவில்லை. அளவுக்கு மேலே கேட்டுவிட்டார். நான் மறைக்கவில்லை. “ஓம், சொன்னது நான்தான். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டதும் நான்தான்,” என்றேன்.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். “வேலை சரி. சொன்னதுதான் போதாது,” என்றார்.

வெடிக்காத ஐந்து கேப்புகளையும் வெடித்த ஐந்து கேப்புகளையும் பண்ணைக்காரருக்குக் காட்டினேன். அவர் அவற்றை உள்ளங்கையில் போட்டு வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. “என்ர தம்பியின்ர துவக்கையும் நான் முக்கிப்போட்டன். நாளைக்குக் கொண்டு வாறன். நீதான் பாக்கவேணும்,” என்றார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வார முடிவில் மலையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பட்டறையில் என்னைத்தான் கேட்டார். துவக்கு வெடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மாலையே வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்ர கைப் பூச்சோ? கடவுளே!” என்று தன் கையை முகர்ந்து முகர்ந்து சிரித்தார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “துவக்கு வெடிக்கேல்லை எண்டு கவலைப்படுற ஊரும் உலகத்திலை இருக்குது பார்,” என்றார். அதன்பின், இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம் கேட்டார். ஒரு பேனையைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கை வைத்து அவருக்குக் காட்டினேன். நாட்டை விட்டு ஓட வைத்த அந்தப் பொருளைப் பற்றி அவர் என்னிடம் பாடம் கேட்டார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இனிக் கிடைக்குமா தெரியாது.

டிசம்பரில் முதலாளி ஓர் ஒப்பந்தத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை. கையெழுத்து வைத்துவிட்டேன். ஆனால் என்னை இன்னும் உறுத்துவது வேறு. மூன்று வருடங்களாக நான் துவக்குகளைச் சூடான பட்டறையில் மட்டுமே அறிந்திருந்தேன். அவை உண்மையில் வேலை செய்யும் விடியற்காலைக் குளிரில் ஒரு நாளும் போய் நின்றதில்லை. அதனால் வேட்டை அனுமதி தரும் வேட்டைக்காரர் பரீட்சைக்கான பயிற்சியில் பெயர் பதிந்தேன். முதல் வகுப்பும் முடிந்துவிட்டது, அதற்கென்று வாங்கிய மலையேறும் சப்பாத்தும் ஒரு தடவை பனியில் நனைந்துவிட்டது.