யூதாசு வேஷத்துக்கு ஆள் வேணும்

திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரில், பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் இயேசுவாக நடிக்க ஒன்பது பேர் முண்டுவார்கள். பிலாத்துவுக்குக்கூடப் போட்டி உண்டு. வந்து கை கழுவினால் போதும், பட்டுத்துணி போர்த்திவிடுவார்கள். யூதாசுக்கு மட்டும் ஆளே வராது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வருஷத்து யூதாசுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. லோடு ஆட்டோ ஓட்டுகிற சாலமோன், "சரி, இந்த ஒரு தடவை" என்று இயேசுவைக் காட்டிக்கொடுத்த முப்பது வெள்ளிக்காசுக்குப் பதிலாக முப்பது சோடா மூடி போட்ட பையை இடுப்பில் கட்டினார். அப்புறம் அதை அவிழ்க்க யாரும் விடவில்லை.

யூதாசு முத்தம் கொடுத்ததும் சனம் செருப்பைக் கழற்றி எறியும். அது ஊர் வழக்கம். கிழவிகளுக்குத்தான் குறி தப்பாது. மறுநாள் காலையில் அத்தனை செருப்பையும் வண்டியில் போட்டு, ஹாரன் அடித்து வீடு வீடாகக் கொடுப்பதும் சாலமோன்தான். அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிப் போகிற நாளிலும் வண்டிக்குப் பின்னால் 'யூதாசு டிராவல்ஸ்' என்று எவனாவது சாக்பீசில் எழுதியிருப்பான். அவர் சிரித்துக்கொண்டே துடைப்பார். மகள் அஷ்லினுக்குச் சிரிப்பு வராது. ஒன்பதாம் வகுப்பில் அவள் பெயர் 'முப்பது காசு'.

"ஒரே ஒரு வருஷம் நீ இயேசுவா வாப்பா. அப்புறம் எவளாச்சும் அப்படிக் கூப்பிடட்டும், பாத்துக்கிறேன்."

"வாரேன்டா" என்று வாக்குக் கொடுத்தார். ஃபாதரும் சம்மதித்தார். கிறிஸ்மஸிலிருந்து தாடி வளர்ந்தது. மனைவி இன்பராணி வெள்ளை அங்கி தைத்து முடித்தாள்.

மிச்சமிருந்தது யூதாசு. இளவட்டங்களின் பெயர்களை எழுதித் தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினார்கள். வந்த பெயர் ஜோயல்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்று மோட்டாரைத் திருடி மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்துவிட்டு வந்தவன் ஜோயல். இப்போது பஞ்சர் கடையில் வேலை. பூசை தவறாது, கடைசி வரிசையில்தான் உட்காருவான்.

"மேக்கப்பே வேணாம்யா இவனுக்கு!" என்று எவனோ கத்தினான். கோயில் வளாகமே சிரித்தது. ஜோயலும் சிரித்தான். ஆனால் காது ரெண்டும் சிவந்து, கண் வாசலைத் தேடியது.

அதைச் சாலமோன் பார்த்துவிட்டார். தன் மேல் விழுகிற செருப்பு சனிக்கிழமை காலையில் வீடு போய்ச் சேர்ந்துவிடும். இவன் மேல் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும்.

"ஃபாதர், யூதாசு நான்தான். ஜோயல் இயேசுவா வரட்டும்."

"அதெப்படிப்பா?" என்று எழுந்தார் உபதேசியார். "யூதாசு சீட்டு அவன் பேருக்குல்ல விழுந்துச்சு!"

"சீட்டு விழுந்து சுமந்தா அது தண்டனைங்க. நம்ம ஆண்டவரு சீட்டு விழுந்தா சிலுவையில ஏறினாரு? அவராத்தானே கையை நீட்டினாரு. நானும் நானாத்தான் கேக்குறேன்."

ஃபாதர் சரியென்று தலையாட்டினார். பிறகு, "அப்ப இந்தத் தாடி?" என்றார்.

"யூதாசு மட்டும் தினம் சவரம் பண்ணிக்கிட்டா திரிஞ்சான் ஃபாதர்?"

வீட்டில் இன்பராணி, "என்ன மனுசனோ!" என்று முனகிக்கொண்டே ஜோயலின் ஒல்லி உடம்புக்கு அங்கியைப் பிடித்துத் தைத்தாள். அஷ்லின் கதவோரம் நின்றாள்.

"எனக்குக் குடுத்த வாக்கு?"

சாலமோனுக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டுக்கொடுத்ததில் பாதி அவளுடையது.

"உன்னையக் கேக்காமக் குடுத்துட்டேன். தப்புதான்டா."

ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடையில் டோப்பா முடி சரிய நின்றான் ஜோயல். சாலமோன் நெருங்கிப்போய் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். 'நண்பா' என்று ஆரம்பிக்கிற வசனம் ஜோயலுக்கு. வந்தது வேறு.

"மாமா..."

அதோடு அழுதுவிட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மோட்டார் பறிகொடுத்தவர்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார். எறிய வேண்டிய நேரம் வந்தும் ஒரு கை எழவில்லை. சாலமோன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

எங்கிருந்தோ ஒரு சிவப்புச் செருப்பு பறந்து வந்து அவர் தோளில் பட்டது. உடனே ஊருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றும் ஜோயல் மேல் விழாதபடி அவர் அகன்று நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் செருப்புகளை வீடு வாரியாகப் பிரிக்கும்போது அந்தச் சிவப்பு மட்டும் மிஞ்சியது. நிமிர்ந்தால், காலில் ஒற்றைச் சிவப்புச் செருப்போடு எதிரே அஷ்லின்.

"நீயாடி எறிஞ்ச?"

"யாருமே எறியலப்பா. அம்புட்டு நல்லா நடிச்சிட்டு, வெறுங்கையோட வீட்டுக்கு வருவியா?"

செருப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் செருப்புக் குவியலுக்கு நடுவில் ஜோயல் ஏறினான்.

"தள்ளுப்பா, ஹாரன் நான் அடிக்கிறேன். யாரு வீடு முதல்ல?"

"உபதேசியார் வீடு" என்றார் சாலமோன். "அவுகளுது ரெண்டு கால் செருப்பும் இங்கதான் இருக்கு."